செத்த கணக்கு

பெட்டிக்கு நாலு சாகும்.
மழைக்காலமென்றால் மூன்று.
சித்திரையில் ஏழுகூடச் செத்திருக்கிறது.
அதை எழுதவே தனி நோட்டு வைத்திருந்தேன்,
நீல அட்டை, முதுநகர்க் கடையில் வாங்கியது.

கிள்ளையிலிருந்து விடியுமுன் வந்துவிடும் களிநண்டு,
சேறு காயாமல், கோபம் ஆறாமல்.
செங்கேணி ஒரு காலால் முதுகை அழுத்தி
இரண்டு கொடுக்கையும் மடக்கிச்
சணலால் கட்டுவாள், நிமிடத்துக்கு மூன்று.
ஈரச்சாக்கு, தெர்மோகோல், துளை, டேப்.
அப்புறம் வேன். புதுச்சேரி, திண்டிவனம், மீனம்பாக்கம்.
அதற்கப்புறம்தான் சனி பிடிக்கும்.
கோலாலம்பூரில் இறக்கிவைப்பார்கள்.
அடுத்த விமானம் வரும்வரை
பன்னிரண்டு மணி நேரம், சில வாரம் இருபது,
எவனோ ஒருவனின் கிடங்கு மூலையில்
எங்கள் கழிமுகத்துச் சேறு
மூச்சை எண்ணிக்கொண்டிருக்கும்.

சைகோனில் பெட்டியைத் திறக்கும் லியென்
செத்ததை மட்டும் வரிசையாய்க் கிடத்திப் படம் அனுப்புவாள்.
வணக்கம் கிடையாது. சாப்பிட்டாயா கிடையாது.
ஐந்து வருஷம் எங்களுக்குள் நடந்த பேச்சு
இவ்வளவுதான்:
இத்தனை பிணம், இத்தனை கழிவு.

ஆவணியில் நேர்விமானம் விட்டார்கள்,
செவ்வாயும் சனியும்.
ஏஜென்ட் தேசப்பன் போனில் கத்தினான்,
"அக்கா, நாலரை மணி நேரம். நடுவுல எங்கயும் நிக்காது!"
கடலூரில் பஸ் ஏறினால் மதுரைக்கே ஆறு மணி நேரம்.

ஆனால் விமானத்துக்கு நிலாக்கணக்கு தெரியாது.
பௌர்ணமியை ஒட்டி நண்டுக்குள் வெறும் தண்ணீர்.
செவ்வாய் என்றால் செவ்வாய், அது கிளம்பிவிடும்.
முதல் மாதம் காலி இடத்துக்கும் காசு கட்டினேன்.
அந்த இடத்தில் தேசப்பன் யாருடைய முருங்கைக்காயையோ ஏற்றினான்,
அடுத்த தடவை கறிவேப்பிலை,
பிறகு, முந்திரி விளைகிற அந்த நாட்டுக்கே
பண்ருட்டி முந்திரி.
விற்றுவிட்டது என்கிறான். நம்பத்தான் வேண்டும்.

மூன்றாவது சரக்கில் செத்தது ஒன்று.
நாலாவதுக்குப் படமே வரவில்லை. பயந்துபோனேன்.
இரவு பத்துக்கு ஒரு வீடியோ.
தொட்டிக்குள் நூறு நண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏற,
பின்னாலிருந்து அவள் குரல்: "குவா, குவா."
அவர்கள் பாஷையில் நண்டுக்கு அதுதான் பேராம்.
பிரசவ வார்டு வாசலில் காத்து நின்ற யாரையும் கேளுங்கள்,
இங்கே அது என்னவென்று சொல்வார்கள்.

மாசியில், அவர்கள் புத்தாண்டு வியாபாரம் முடிந்து
அதே விமானத்தில் அவளே வந்து இறங்கினாள்.
நினைத்ததைவிடக் குள்ளம்; என்னைவிடச் சத்தம்.
நாங்கள் பேசியதையெல்லாம் ஒரு போன்
நடுவில் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தது.
அவள் ஊர் மாரியம்மன் கோயிலில்
கருங்கல் சுவரில் முகம் ஒட்டி,
இந்த விமானம் நின்றுபோகக் கூடாதென்று
கிசுகிசுத்து வேண்டிக்கொண்டாளாம்.
"எங்க மாரியம்மனா?" என்றேன்.
போன் யோசித்துச் சொன்னது:
"ஆமாம், எங்கள் மாரியம்மன்."

பிறகு, கட்டுவது யார் என்று கேட்டாள்.
மற்ற ஊர்ச் சரக்கைக் கத்தரியால் வெட்டுவார்களாம்.
இந்த முடிச்சு மட்டும்
நுனியை இழுத்தால் அவிழ்ந்துகொள்கிறதாம்,
அவள் ஆட்களில் ஒருவருக்கும் விரல் போகவில்லையாம்.
செங்கேணி நிமிரவில்லை.
லியென் தன் பெட்டியைத் திறந்து
ஒரு பெரிய பையை எடுத்து வைத்தாள்.
உள்ளே சணல். ஆவணியிலிருந்து போனது அத்தனையும்,
நூறு நூறாய்ச் சுருட்டி.

நான் வழக்கம்போலக் கணக்குப் போட்டேன்.
ஒன்று நாற்பது காசு.
அவள் கட்டியிருக்கும் சுமைக்கூலி அதைப்போல மூன்று மடங்கு.
எந்த நோட்டில் எழுதுவது இந்த நஷ்டத்தை?

செங்கேணி ஒரு சுருளை மோந்து பார்த்தாள்.
"தொவச்சிருக்கா" என்றாள்.
பிறகு அதிலிருந்தே ஒன்றை உருவிக்கொண்டு
அடுத்த நண்டின்மேல் காலை வைத்தாள்.